ஐஸ்லாந்தின் குதிரை மந்தைகளோடு ஒரு நாள்

உலகப் படத்தில் ஐரோப்பாவுக்கு வடமேற்கே, வடதுருவ வட்டத்தை முட்டிக்கொண்டு கிடக்கும் தீவு ஐஸ்லாந்து. பரப்பளவில் தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். அங்கே வாழும் மக்களோ நான்கு லட்சத்திற்கும் சற்றுக் குறைவு. நம்மில் பலர் பிழைப்பைத் தேடி வந்து குடியிருக்கும் பெருநகரங்களின் ஒரு மூலையில் அடங்கிவிடக் கூடிய தொகை. இந்தச் சிறு ஜனத்தொகைக்கு எழுபது, எண்பது ஆயிரம் குதிரைகள் உண்டு. ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஒரு குதிரை என்ற கணக்கு. அவை இன்று போருக்குப் போவதில்லை, ஏர் இழுப்பதில்லை, தபால் சுமப்பதும் இல்லை. ஆயினும் இத்தனை குதிரைகள் எதற்கு என்ற கேள்வி எழுகின்றதல்லவா? அந்நாட்டுக் குடியானவர்களோடு ஒரு நாள் முழுவதும் இருந்து பார்த்தால் விடை விளங்கும். விடுமுறைக் காலத்தில் வெளிநாட்டார் பலர் அங்கே சென்று, மலையில் மேயும் குதிரைகளை ஓட்டி வரும் வேலையில் தாமும் கலந்துகொள்ளுகின்றனர். அத்தகைய நாளொன்றுக்கு நேயர்களையும் உடன் அழைத்துச் செல்ல எண்ணுகின்றோம்.

புறப்படுமுன் அந்தக் குதிரையின் வரலாற்றைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம். கி.பி. 874-ஆம் ஆண்டையொட்டி நார்வேயிலிருந்தும் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்தும் மக்கள் திறந்த மரக்கலங்களில் வந்து அந்தத் தீவில் குடியேறினார்கள். மரக்கலத்தில் இடம் குறைவு, கடலோ கொடியது. ஆகையால் பொறுக்கியெடுத்த சில குதிரைகளையே ஏற்றி வந்திருப்பார்கள். அந்தக் குடியேற்றத்தின் கதைகளைத் தொகுத்த ‘லந்த்நாமபோக்’ என்னும் பழைய நூல், ஒரு பெட்டைக் குதிரையைப் பற்றிச் சொல்லுகின்றது. கால்நடைகளை ஏற்றி வந்த கப்பல் ஒன்று வடக்கே ஓர் ஆற்று முகத்தில் கரை சேர்ந்தது. அதிலிருந்த இளங்குதிரையொன்று காட்டுக்குள் ஓடி மறைந்து போயிற்று. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றிருந்த தோரிர் என்பவன், காணாமற்போன அக்குதிரையின் மேலுள்ள உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்கினான். பிறகு தேடிக் கண்டுபிடித்தான். அதற்கு ஃப்லுகா என்று பெயர். ‘ஈ’ என்பது பொருள். நாட்டின் நடுமேட்டிலே பந்தயம் ஓடி அது வென்றதாகவும், தோற்றவன் அவமானம் தாங்காமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் நூல் கூறுகின்றது. ஃப்லுகா ஈன்ற ஆண் குதிரையின் பெயர் எய்த்ஃபாக்ஸி. அது கடல் கடந்து நார்வேக்குப் போயிற்றாம். அங்கே ஒரே நாளில் ஏழு பேரைக் கொன்று தானும் மாண்டதாம். கதையின் மிகையை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகின்றது: தீவை விட்டுப் போன குதிரை திரும்பி வரவில்லை. இது இன்றைக்கும் அந்நாட்டுச் சட்டம். அதைப் பற்றிப் பிறகு சொல்லுவோம்.

குடியேற்றம் முடிந்த பின்னர், ஆயிரம் ஆண்டுகளாக அத்தீவுக்குள் வேறு இனக் குதிரை எதுவும் வந்து கலக்கவில்லை. எரிமலையும் பனியும் பஞ்சமும் கழித்தது போக எஞ்சியவற்றின் சந்ததியே இன்று இருப்பது. 1783-ஆம் ஆண்டு லாகி என்னும் பிளவிலிருந்து எரிமலைக் குழம்பு எட்டு மாதங்கள் பெருகியது. குழம்பைவிடக் கொடியதாக இருந்தது அதிலிருந்து எழுந்த நச்சுப் புகை. ஃப்ளோரின் கலந்த சாம்பல் புல்லின் மேல் படிந்தது. அதை மேய்ந்த கால்நடைகளின் பற்களும் எலும்புகளும் சிதைந்தன. நாட்டுக் குதிரைகளில் பாதிக்கு மேற்பட்டவை மடிந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டனர். அப்படியும் குதிரையில்லாமல் அந்நாட்டார் வாழ வழியில்லை. வண்டி செல்லும் சாலை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரையில் அங்கே அரிது. பாலமில்லாத ஆறுகளைக் குதிரையின் மேலிருந்தே கடந்தார்கள். மருத்துவச்சி பிரசவத்திற்குச் சென்றதும் குதிரையில்; மணப்பெண் புக்ககம் போனதும் குதிரையில்; சவப்பெட்டி இடுகாடு சேர்ந்ததும் குதிரையின் முதுகிலே. ‘மிக இன்றியமையாத ஊழியன்’ என்று அவர்கள் மொழியில் குதிரைக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு.

குதிரை உருவத்தில் சிறியது. தோள் வரையில் அளந்தால் பெரும்பாலும் நாலரை அடியை ஒட்டியே இருக்கும். பிடரிமயிர் கண்ணை மறைக்கும் அளவுக்கு அடர்ந்தது. பனிக்காலத்தில் உடல் முழுதும் கரடி போலச் சடை வளர்ந்துவிடும். ஆனால் அதைப் பார்த்து ‘மட்டக்குதிரை’ என்று சொல்லிவிடக் கூடாது. ஐஸ்லாந்துக்காரர் முகம் சுளிப்பார். வாட்டசாட்டமான ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு கல்லிலும் சேற்றிலும் ஆற்றிலும் அது நாள் முழுதும் செல்லும்.

அவர்கள் அக்குதிரையை வளர்க்கும் முறையும் விசித்திரமானது. குட்டி பிறந்து நான்கு வயதாகும் வரையில் அதன் முதுகில் சேணம் ஏறுவதில்லை. கோடையில் பல பண்ணைகளின் குதிரைகளும் குட்டிகளும் ஒன்றாகச் சேர்ந்து, பொது மேய்ச்சலுக்கு உரிய மலைப் பள்ளத்தாக்குகளுக்கு ஓட்டிவிடப்படும். அங்கே மேய்ப்பவன் இல்லை, கொட்டில் இல்லை. எது தலைவி, யாருக்கு யார் வழிவிட வேண்டும், சதுப்பு நிலத்தில் எங்கே கால் வைக்கலாம் என்பவற்றையெல்லாம் இளங்குதிரைகள் மூத்த பெட்டைகளிடமிருந்தே கற்றுக்கொள்ளுகின்றன. இலையுதிர் காலம் வந்து முதற்பனி விழும் தறுவாயில் அவற்றைக் கீழே இறக்கிக்கொண்டு வரவேண்டும். செம்மறியாடுகளை இறக்குவது செப்டம்பர் முற்பகுதியில். குதிரைகளின் முறை அதன் பின்னர் வரும்.

இவ்வாறு குதிரைகள் திரும்பும் நாட்களில் மிகப் பெயர் பெற்றது, வடக்கே ஸ்காகாஃபியோர்துர் என்னும் வட்டாரத்தில் செப்டம்பர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை நடைபெறுவது. குதிரைக்கும் பாட்டுக்கும் புகழ் வாய்ந்த வட்டாரம் அது. கொல்பேன்ஸ்தாலுர் என்னும் பள்ளத்தாக்கில் மேய்ந்துகொண்டிருக்கும் குதிரைகளை, அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள லேய்ஃப்ஸ்கௌலாரியெத் என்னும் பட்டிக்கு ஓட்டி வருவார்கள். ஃப்லுகா கரையிறங்கிய ஆற்று முகம் இந்தக் கொல்பேன் பள்ளத்தாக்கின் ஆறு கடலில் சேரும் இடமே. அருகில் ஹோலார் என்னும் பழைய சமயத் தலம். இன்று அங்கே குதிரையியல் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றும் இருக்கின்றது.

விருந்தினராகச் செல்லும் நமக்கு முதல் சோதனை குதிரையின் மேல் அன்று. விமான நிலையத்திலேயே காத்திருக்கின்றது. ஐஸ்லாந்துக்கு வெளியே குதிரைகளிடம் பயன்படுத்திய சேணம், கடிவாளம், தோல் கையுறை, சவுக்கு இவற்றை உள்ளே கொண்டுபோகக் கூடாது. முன்பு உடுத்திச் சவாரி செய்த உடையானால் துவைத்து உலர்த்தியிருக்க வேண்டும். காலணியைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்திருக்க வேண்டும். அதிகாரிகளின் அலட்டல் என்று இதை நினைத்துவிட வேண்டா. ஆயிரம் ஆண்டுகள் தனித்திருந்ததால் உலகின் மற்றக் குதிரைகளை வாட்டும் நோய்கள் பல அந்தத் தீவில் இல்லை. இல்லாத காரணத்தாலேயே அவற்றை எதிர்க்கும் சக்தியும் அந்தக் குதிரைகளுக்கு இல்லை. வட இந்தியாவில் வசிக்கும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். 2008-ஆம் ஆண்டு வைஷ்ணவ தேவி யாத்திரைக்குப் புறப்படும் கட்ரா நகரத்தில் குதிரைகளிடையே இன்ஃப்ளுயென்ஸா காய்ச்சல் கண்டு, மறு ஆண்டுக்குள் பல மாநிலங்களுக்கும் பரவியது. ஐஸ்லாந்தில் அந்தக் காய்ச்சல் இன்று வரை புகுந்ததில்லை. அப்படிப்பட்ட குதிரை லாயமொன்றில் நின்றுவிட்டுக் கழுவாத காலணியோடு ஸ்காகாஃபியோர்துருக்குப் போகும் ஒரு பிரயாணி, ஒரு நாட்டுக் குதிரைச் செல்வம் முழுவதையும் பணயம் வைத்தவனாகின்றான்.

இனி நம் நாளுக்கு வருவோம். காலையில் இருள் பிரியும்போதே குளிர் எலும்பைத் தொடும். தலைக்கவசமும், மழையும் சேறும் ஊடுருவாத மேலங்கியும் பண்ணையாரே தருவார். நமக்குத் தரப்படும் குதிரையை அவர் நம்முடைய உயரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் கடிவாளத்தைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தே தேர்ந்தெடுப்பார். பயந்த கைக்கு முதிர்ந்த குதிரை. பழகிய கைக்குத் துடிப்பான குதிரை. இந்தத் தீர்ப்பில் அவர் தவறுவது குறைவு என்று சென்று வந்தோர் சொல்லுகின்றனர்.

ஏறி அமர்ந்து சிறிது தூரம் சென்றதும், வேறு நாடுகளில் சவாரி பழகியவர்களே வியக்கும் ஓர் அனுபவம் நேரும். குதிரை விரைகின்றது, ஆனால் நம் உடல் குலுங்கவில்லை. இந்த நடைக்கு ‘டோல்ட்’ என்று பெயர். சாதாரணமாகக் குதிரை துள்ளோட்டம் ஓடும்போது, முன்னங்கால் ஒன்றும் அதற்கு எதிர்மூலையிலுள்ள பின்னங்கால் ஒன்றும் ஒருசேர எழும்பும். நடுவில் ஒரு கணம் நான்கு கால்களும் தரையை விட்டுவிடும். அந்தக் கணத்திற்குப் பிறகு வரும் அதிர்ச்சிதான் சவாரி செய்பவனைத் தூக்கிப் போடுவது. டோல்ட் நடையிலோ இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்று நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் படுகின்றன. எப்போதும் ஒரு காலாவது நிலத்தில் ஊன்றியிருக்கும். ஆகவே குதிரையின் முதுகு ஓடம் போல மிதந்து செல்லுகின்றது. ஒரு கையில் நிறைந்த கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, ஒரு துளியும் சிந்தாமல் குதிரையை விரட்டும் பந்தயம் அந்நாட்டுத் திருவிழாக்களில் உண்டு. கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் பீர் என்பதையும் மறைப்பானேன்!

நடை, துள்ளோட்டம், நாற்கால் பாய்ச்சல் என்ற மூன்றும் எல்லாக் குதிரைக்கும் பொது. டோல்ட் நான்காவது. ஐந்தாவதாக ‘ஸ்கெய்த்’ என்று ஒன்றுண்டு. ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் ஒருசேர எழும்பிப் பறப்பது போல் செல்லும் வேகநடை. மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேலும் அதில் செல்ல முடியும். ஆனால் சில நூறு அடிகளுக்கு மேல் அதைக் கேட்பது குதிரைக்குச் செய்யும் கொடுமை. குதிரைக்கு ஐந்து கதி என்னும் எண்ணம் நமக்கும் புதிதன்று. ‘ஐங்கதி’ என்ற சொல் தமிழகராதியில் ஏறியிருக்கின்றது. அந்த ஐந்தும் இந்த ஐந்தும் ஒன்றே என்று சாதிக்க நாம் முற்படவில்லை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இத்தகைய ஒற்றுமையில் ஏமாந்து போகாதிருக்கும் பழக்கம் வேண்டும். ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் உள்ள நேயர்கள், மார்வாரி, காத்தியவாரிக் குதிரைகளின் ‘ரேவால்’ என்னும் குலுங்காத நடையைக் கண்டிருக்கலாம். அதைப் பார்த்தவர்களுக்கு டோல்ட் இன்னதென்று நாம் விளக்கத் தேவையே இல்லை.

இந்த நடை பயிற்சியால் மட்டும் வருவதன்று, பிறவியிலேயே வருவது என்பது பண்ணையார்களுக்கு நெடுநாளாகத் தெரியும். ஏன் என்பது 2012-ஆம் ஆண்டில் தெரிந்தது. ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் செய்த ஆராய்ச்சியில், டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதே காரணம் என்று கண்டார்கள். முதுகுத் தண்டில் கால்களின் அசைவை ஒருங்கிணைக்கும் நரம்புகளின் அமைப்பு அதனால் மாறிவிடுகின்றது. பழைய எலும்புகளைச் சோதித்து 2016-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, ஒன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த நடையுடைய குதிரைகள் இருந்தன என்றும், வைக்கிங்குகள் அவற்றை அங்கிருந்து ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்றும் கூறுகின்றது. தாய்நிலத்தில் இந்நடை பிற்காலத்தில் அரிதாகிவிட, போன இடத்திலே அது தழைத்துவிட்டது.

பள்ளத்தாக்கின் மேல்புறம் சென்று சேரும்போது குதிரைகள் அங்கங்கே சிதறி நிற்கும். சரிவுகளில் செந்நிறமும் கருநிறமும் வெண்ணிறமுமாகப் புள்ளிகள், அவ்வளவுதான் தெரியும். பழகிய ஆட்கள் மேட்டுப்பக்கம் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போவார்கள். கூச்சலும் விரட்டலும் தொடக்கத்தில் கிடையாது. தலைவியான முதிய பெட்டை ஒன்று தலையை நிமிர்த்தி, கீழ்நோக்கித் திரும்பினால் போதும். அதன் பின்னே மற்றவை ஒழுகத் தொடங்கும். ஓடைகள் ஆற்றில் வந்து கூடுவது போல ஒவ்வொரு சரிவிலிருந்தும் சிறு கூட்டங்கள் இறங்கி, பள்ளத்தாக்கின் அடியில் ஒன்றாகி, நூற்றுக்கணக்கான குதிரைகள் ஒரே பிரவாகமாகச் செல்லும் காட்சியைக் காண்பதற்கே ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடுகின்றார்கள். குளம்படி ஓசையை முதலில் காது கேட்பதில்லை. நம் குதிரையின் முதுகு வழியாக உடலே கேட்கின்றது.

விருந்தினருக்கு இதில் உரிய இடம் எது? பின்வரிசை. அதிலும் ஓரம். முன்னே பாய்ந்து சென்று மந்தையைப் பிளந்துவிட்டால் அரை நாள் வேலை வீணாகும். இரு பக்கமும் அதட்டல் கேட்கும். இடைவெளி விடாமல், நெருங்கியும் விடாமல், பின்தங்கும் குட்டிகளைத் தாயிடம் சேர்த்துக்கொண்டே வருவதுதான் நமக்குக் கொடுக்கப்படும் பணி. பணம் கொடுத்து வந்த விடுமுறைப் பிரயாணி, நாள் முழுதும் குட்டிகளின் பின்னால் சேற்றைத் தின்றுகொண்டு வருவதில் என்ன இன்பம் என்று கேட்பாரும் உண்டு. வேடிக்கைக்காக ஜோடித்த சவாரியாக இருந்திருந்தால் அக்கேள்வி நியாயமே. இங்கே நாம் வராவிட்டாலும் குதிரைகள் இறங்கியாக வேண்டும். பனி நமக்காகக் காத்திராது. நாமிருந்த இடத்தில் ஓர் இடைவெளி விழுந்தால் அதன் வழியே நாலு குதிரைகள் மலையேறிவிடும். அந்த நினைவே கண்ணை விழிப்பாக வைத்திருக்கும்.

நண்பகலுக்குப் பின் பட்டி வந்து சேரும். ‘ரியெத்’ என்று அவர்கள் சொல்லுவதற்குப் ‘பட்டி’ என்ற நம் சொல் நன்றாகவே பொருந்துகின்றது. வட்டமான நடுமுற்றம் ஒன்று. அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்கள் போலத் தடுப்புகள். ஆரங்களுக்கு இடையிலுள்ள ஒவ்வோர் அறையும் ஒரு பண்ணைக்கு உரியது. மந்தை நடுமுற்றத்தில் அடைக்கப்பட்டதும் உரியவர்கள் இறங்கித் தத்தம் குதிரைகளைப் பிரித்து அறைகளுக்குள் தள்ளுவார்கள். இன்று குதிரையின் கழுத்தில் தோலுக்கடியில் அடையாளச் சில்லு பதித்திருக்கின்றார்கள். ஆனால் அந்த நெரிசலில் கருவியை நீட்டிப் பார்க்க நேரம் ஏது? நிறத்தையும் நெற்றிச் சுட்டியையும் நடையையும் பார்த்து, கோடை முழுதும் காணாத குட்டியைக்கூடப் பத்து வயதுச் சிறுமி ‘அதோ நம்முடையது’ என்று காட்டிவிடுவாள்.

நிறங்களுக்கு அம்மொழியில் உள்ள சொற்கள் மொழிபெயர்ப்பாளனின் பொறுமையைச் சோதிப்பவை. வேறுபாடுகளையெல்லாம் எண்ணினால் நூறைத் தாண்டும். ‘பிரூன்’ என்றால் வழக்கில் பழுப்பு. ஆனால் குதிரையைக் குறிக்கும்போது அதற்குக் கறுப்பு என்று பொருள். களிமண்ணின் வெளிறிய நிறம் ஒன்று. புழுதியின் நிறம் மற்றொன்று. ‘விந்தோத்துர்’ என்பது காற்றின் நிறமாம்! கறுத்த உடலும் வெள்ளி போன்ற பிடரியும் உடைய குதிரைக்கு அப்பெயர். காற்றுக்கு என்ன நிறம் என்று அகராதியில் தேடிப் பயனில்லை. ஆண்டுதோறும் பருவத்துக்கேற்ப நிறம் மாறும் குதிரைக்கும் தனிச்சொல் உண்டு. வசந்தத்தில் மலையேறியபோது ஒரு நிறமும், இறங்கும்போது வேறு நிறமுமாக வரும் அதை உரியவர் அல்லாதார் அடையாளம் காண்பது கடினம்.

மாலையில் பாட்டு தொடங்கும். பட்டியின் சுவரில் சாய்ந்தபடி, தோளோடு தோள் சேர்த்து, நாலைந்து குரல்வரிசைகளில் பாடுவார்கள். குப்பிகளும் கைமாறும். இதற்கிடையில் வேறொரு காரியமும் சந்தடியின்றி நடக்கின்றது. எவை பனிக்காலத்துக்கு நிற்கும், எவை விற்கப்படும், எவை கசாப்புக்குப் போகும் என்று பண்ணையார்கள் தீர்மானிப்பதும் இப்பொழுதுதான். ஐஸ்லாந்தில் குதிரை இறைச்சி உண்பது வழக்கம். ஆயிரமாவது ஆண்டையொட்டி அந்நாடு கிறிஸ்தவத்தை ஏற்றபோதுகூட, இந்த உணவை விடமாட்டோம் என்று முதலில் விலக்குப் பெற்றுக்கொண்டார்கள். கருவுற்ற பெட்டைகளின் இரத்தத்திலிருந்து கால்நடை மருந்துக்கான சுரப்பு நீரைப் பிரித்தெடுக்கும் தொழிலும் அங்கே நெடுங்காலம் நடந்து வந்தது. 2021-இல் வெளியான படக்காட்சிகளைக் கண்டு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடுங்கண்டனம் எழுந்தது. நாம் பகலெல்லாம் தாயிடம் சேர்த்துக்கொண்டு வந்த குட்டிகளில் சில அடுத்த கோடையில் மலையேறமாட்டா. விடுமுறைப் பிரயாணத்துக்கு அழைக்கும் வண்ணப் பிரசுரங்களில் இது காணப்படுவதில்லை.

பட்டி நாளைத் தவறவிட்டவர்களுக்கு மற்றொரு வழி உண்டு. கோடையில் பல நாட்கள் நீடிக்கும் நெடும்பயணங்களிலும் மந்தை உடன் வரும். பழங்காலத்தில் தொலைதூரம் செல்பவன் இரண்டு, மூன்று குதிரைகளை உடன் ஓட்டிக்கொண்டு மாற்றி மாற்றி ஏறுவான், அதே முறைதான். ஏறியிருக்கும் குதிரைகள் முன்னும் பின்னுமாக, சேணமில்லாத பல பத்துக் குதிரைகள் நடுவே தம் இச்சையாக ஓடிவரும். ஓரிரண்டு மணிக்கொரு தரம் நிறுத்தி, களைத்த குதிரையை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்க வேண்டும். வெட்டவெளியில் பட்டி ஏது? பிரயாணிகள் வட்டமாக நின்று இடுப்பளவில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்ளுவார்கள், அதுவே பட்டி. ஒரே தாவலில் தாண்டிவிடக் கூடிய குதிரைகள் அந்தக் கயிற்றை மதித்து நிற்கும். நின்றபடியே தூங்குவனவும் உண்டு.

இத்தகைய பயணங்களுக்குப் புகழ்பெற்ற வழி, இரு பெரும் பனிமலைகளுக்கு இடையே செல்லும் கியோலுர் என்னும் நடுமேடு. ஃப்லுகா பந்தயம் ஓடியதும் அங்கேதான். 1780-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஸ்காகாஃபியோர்துரிலுள்ள ரெய்னிஸ்தாதுர் பண்ணையின் சகோதரர் இருவரும் அவர்களோடு மூவரும், தெற்கே வாங்கிய 180 ஆடுகளையும் 16 குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு அவ்வழியே வடக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். பனிப்புயல் வந்தது. ஒருவரும் ஊர் சேரவில்லை. அவ்விடத்துக்கு எலும்புக் குன்று என்று பெயர். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வரையில் மக்கள் அவ்வழியை அஞ்சி ஒதுக்கினார்கள். செப்டம்பரில் குதிரைகளை இறக்கிவிட வேண்டும் என்று அவசரப்படுவதன் பொருள் அக்குன்றைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

பனியும் எரிமலையும் பழைய பகைவர்கள். புதிய பகைவன் 2010-ஆம் ஆண்டின் வசந்தத்தில் வந்தது. முதலில் சில குதிரைகளுக்கு இருமல், மூக்கில் சளி. சில மாதங்களுக்குள் நாட்டிலுள்ள குதிரைகளில் ஏறத்தாழ எல்லாமே இருமத் தொடங்கின. மாண்டவை சிலவே. ஆனால் பயிற்சி நின்றது; ஏற்றுமதி நின்றது. அக்கோடையில் நடக்கவிருந்த தேசியக் குதிரைத் திருவிழாவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். புதிய வைரஸ் ஏதோ புகுந்துவிட்டது என்றே முதலில் ஐயுற்றார்கள். பின்னர் நடந்த ஆராய்ச்சியில், வெளியிலிருந்து வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரின் ஒரு வகையே காரணமென்று தெரிந்தது. பிற நாட்டுக் குதிரைகளிடம் சாதாரணமாகக் காணப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. தண்ணீருக்குள் குதிரையை நடக்கவைத்துப் பழக்கும் இயந்திரமொன்று ஒரு பயிற்சி நிலையத்தில் இருந்தது. பல பண்ணைக் குதிரைகளும் வந்து ஒரே தண்ணீரில் நடந்து சென்றதால் நோய் அங்கிருந்து பரவியிருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் முடிவு கட்டினார்கள். அது எப்படித் தீவுக்குள் வந்ததென்பதற்கு நேரிடையான சான்று இல்லை. யாரோ ஒருவருடைய உடையிலோ கருவியிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

இதனால்தான் தீவை விட்டு வெளியேறிய குதிரை திரும்பி வரக் கூடாது என்று சட்டம் சொல்லுகின்றது. ஒரு நாள் வெளியே இருந்ததானாலும் சரி. உலகப் பரிசு பெற்றதானாலும் சரி. ஏற்றுமதியோ ஓயவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வண்டி இழுக்கக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் போயின. இன்று ஜெர்மனி முதலிய நாடுகளில் சவாரிக்காக வாங்குகின்றார்கள், விமானத்தில் அனுப்புகின்றார்கள். போன இடத்தில் அவற்றுக்குப் புதிய உபத்திரவம் காத்திருக்கின்றது. ஐஸ்லாந்தில் இல்லாத ஒருவகைச் சிறு கடிபூச்சி, கோடையில் அவற்றின் பிடரியையும் வாலடியையும் கடிக்க, தோல் தடித்து அரிப்பெடுத்து, மரத்திலே தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அங்கேயே பிறந்து வளர்ந்த ஐஸ்லாந்துக் குதிரைகளைவிட, தீவிலிருந்து வந்தவற்றையே இது அதிகமாக வாட்டுகின்றது.

இரண்டாண்டுக்கு ஒரு முறை ஐரோப்பாவில் ஐஸ்லாந்துக் குதிரைகளுக்கென்று உலகப் போட்டி நடக்கின்றது. 2023-இல் நெதர்லாந்திலும் 2025-இல் சுவிட்சர்லாந்திலும் நடந்தது. ஐஸ்லாந்துச் சவாரிக்காரர் தம் பண்ணையில் பிறந்து, தாமே பழக்கிய மிகச் சிறந்த குதிரையை அதற்குக் கொண்டுபோகின்றார். விமானத்தில் ஏற்றும்போதே அதன் கதை முடிவாகிவிடுகின்றது. வென்றாலும் தோற்றாலும் அதை அங்கே யாருக்காவது விற்றுவிட்டோ, நம்பிக்கையான இடத்தில் ஒப்படைத்துவிட்டோதான் வரவேண்டும். அதன் முதுகில் கிடந்த பழகிய சேணமும் உடன் வரக் கூடாது. வெற்றிக் கிண்ணத்தைக் கையில் கொண்டு ஊர் திரும்பும் அவர், துவைத்த உடையும் கழுவிய காலணியுமாக விமான நிலையத்தைக் கடந்து, செப்டம்பர் கடைசியில் மற்றவர்களோடு சேர்ந்து மலைக்குப் போகின்றார். அந்தப் பெட்டையின் தங்கையோ, குட்டியோ மேலே மேய்ந்துகொண்டிருக்கும்.